எடுக்க மறந்த நிறுத்தம்

“ரீ… இன்னொரு ரீ…” என்று சொல்லிக்கொண்டே மங்கையற்கரசி தன் கணவரைச் சமையலறையிலிருந்து யன்னலடிக்கு நடத்தி வருகிறார். ஒரு ரீக்கு ஓர் அடி. இராஜரட்ணம் ஊன்றுகோலை முன்னே வைத்து, வலது காலை இழுத்துச் சேர்த்துவிட்டு, அடுத்த ரீக்காக நிற்பார்.

பக்கவாதம் வந்து பதினான்கு மாதம். பேச்சு அடியோடு போய்விட்டது. இடது கை மட்டும் சொன்னபடி கேட்கும், அதுவும் மனம் வந்தால். சொல்வது அவருக்கு விளங்குகிறதா என்று வைத்தியர்களே கையை விரிக்கிறார்கள். மகள் துர்க்கா ஞாயிறுகளில் வந்து பார்த்துவிட்டுச் சொல்வாள்: “அப்பா ஸ்மைல் பண்ணுறார், தற்ஸ் எனஃப். கேள்வி கேட்டு அவரை ஸ்ரெஸ் பண்ணாதேங்கோ, அம்மா.”

அம்மா கேட்டால்தானே.

அந்த ‘ரீ’, கனடாவின் மார்க்கம் நகரில் கணவன் மனைவி இருவரும் வேலை செய்த சின்னக் கொம்பனியிலிருந்து வந்தது. ஆரம்பத்தில் புரோகிராம் எங்கே சிக்குகிறது என்று பார்க்க ஒரு வழியும் இல்லை. அங்கங்கே ஒரு ‘கீக்’ ஒலியைச் செருகிவிட்டுக் காதைக் கொடுத்து இருப்பார்களாம். “மூண்டு கீக் கேட்டு நாலாவது கேக்காட்டி, பிழை அந்த இடைக்கைதான்.” பிறகு கணினியோடு வந்த டிஸ்கிலேயே ஒரு கருவி கிடைத்தது. ‘T’ எழுத்தை, அவர்கள் வாயில் ‘ரீ’யை, அடித்தால் புரோகிராம் ஒரே ஒரு படி நகர்ந்து, தன்னிடம் உள்ளதையெல்லாம் காட்டிவிட்டு நிற்கும். அதற்கும் பிறகு கணினிக்குள் செருகும் ஓர் அட்டை. அதன் கம்பியில் தொங்கும் பொத்தானை அமத்தினால் உறைந்துபோன மெசினும் கண் திறக்கும். “அது வந்த அண்டு கேக் வெட்டினனாங்கள்!” இதைச் சொல்லும்போது மங்கையற்கரசிக்கு வரும் பெருமை, பிள்ளையை டொக்டர் ஆக்கியவர்களுக்கும் வராது.

யன்னலடி மேசையில் பழுப்பேறிய பழைய கணினி ஒன்று இன்னும் இருக்கிறது. அதில் இராஜரட்ணம், கல்யாணமான முதல் குளிர்காலத்தில் மனைவிக்காக எழுதிய பனி. திரையில் புள்ளி புள்ளியாக விழுந்து ஒரு சின்ன வீட்டின் கூரையில் சேரவேண்டும். முப்பத்தாறு வருடமாகச் சேரவில்லை. முதல் பனித்துளி கூரையைத் தொட்டதும் எல்லாம் உறைந்துவிடும். “என்ரை பிழைதான்” என்று அன்றைக்கே சொல்லி அதை மூடிவைத்துவிட்டார் அவர்.

பிழை அவருடையதல்ல. புதுப்பெண் மங்கையற்கரசி, அவர் எப்படி எழுதியிருக்கிறார் என்று களவாகப் பார்க்க, புரோகிராம் நடுவழியில் நிற்கும்படி கருவியால் ஒரு நிறுத்தம் போட்டார். நிறுத்தம் போட்டால் கருவி புரோகிராமில் அந்த இடத்தில் இருந்த எண்ணை எடுத்துவிட்டுத் தன் அடையாளத்தை வைக்கும், பிறகு எண்ணைத் திருப்பி வைக்கும். திருப்பி வைக்கமுன் இவர் அவசரப்பட்டு டிஸ்கில் பதிந்துவிட்டார். கணவர் எழுதிய எண் போயிற்று. வேறு பிரதியும் இல்லை. முதலில் வெட்கம், பிறகு சொல்லக் காலம் கடந்துவிட்டது. அவ்வளவு கெட்டிக்காரர் திறந்து பார்க்காமலா விட்டிருப்பார் என்ற சந்தேகமும் உண்டு.

தொலைந்த அந்த எண் எழுபத்து நாலாக இருக்கவேண்டும், அல்லது எழுபத்தைந்தாக. முன்வரிகளை ரீ ரீயாக நடந்து பார்த்து, எழுபத்து நாலுதான் என்று மங்கையற்கரசி எப்போதோ கண்டுபிடித்துவிட்டார். அடித்தால் ஒரு நிமிடத்தில் பனி சேரும். அடிக்கவில்லை. கணவர் உள்ளே இருக்கிறாரா என்று அறிய மங்கையற்கரசியிடம் இருந்தது, அவர்கள் இருவருக்கு மட்டுமே விடை தெரிந்த இந்த ஒரு கேள்விதான். தன் களவைச் சொல்லாமல் மூன்று வாரமாகத் தினமும் கேட்டார். அவருடைய இடது கை மடியிலேயே கிடந்தது. பயமாக இருந்தது.

போன செவ்வாய்க்கிழமை வெளியே மெய்யான பனி கொட்டிக்கொண்டிருந்தது. கணவரைக் கதிரையில் இருத்திவிட்டு, மங்கையற்கரசி கணினியைப் போட்டார்.

“இஞ்சருங்கோ, உது உங்கடை பிழையில்லை. நான்தான் ஸ்ரொப்பை எடுக்காமல் சேவ் பண்ணிப்போட்டன். இவ்வளவு காலமும் சொல்லேல்லை.” கணவரின் முகத்துக்கு நேரே குனிந்தார். “கடைசி இலக்கம் நாலோ, அஞ்சோ? அதை மட்டும் காட்டுங்கோ.”

எதிர்வீட்டுக் கூரை மெல்ல வெளுத்துக்கொண்டிருந்தது. இராஜரட்ணம் திரையைப் பார்க்கவே இல்லை, மனைவியைத்தான் பார்த்தார். இடது கை மடியை விட்டு எழும்பியது. ஐந்து விரல்களும் விரிந்தன. பெருவிரல் மட்டும், மெல்ல மெல்ல, உள்ளங்கைக்குள் மடிந்தது.