கைரேகை ஒத்துப்போகாத ஞாயிறு

“எட்டு, பூஜ்யம், ஏ, சி…” மடிக்கணினியைப் பார்த்து அவள் வாசிக்கிறாள். சோபாவில் சாய்ந்தபடி கைப்பேசியோடு ஒப்பிட்டு “ம்” கொட்டுகிறான் கணவன்.

கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துவது அவள் வேலை. முகம் பார்த்திராத பலர் கூடி எழுதி இலவசமாகத் தரும் ஒரு மென்பொருளின் பதிவிறக்கப் பக்கமும் அவள் பொறுப்பு. ஒவ்வொரு கோப்புக்கும் கைரேகைபோல ஒரு நீண்ட எழுத்து வரிசை உண்டு. உள்ளே ஒரு புள்ளி மாறினாலும் அது அடியோடு மாறிவிடும். கணினியே ஒப்பிடும். “அது பாக்கட்டும், நானும் பாக்குறேன்” என்பாள்.

மதியங்களில் அந்த மென்பொருளின் மூல நிரலை, அதாவது அதை எழுதிய வரிகளை, உலாவும் பக்கத்துக்குள் இறங்கிவிடுவாள். நிரலில் ஒரு சொல்லைத் தொட்டால் அது பிறந்த வரி திறக்கும். அங்கிருந்து இன்னொன்று. ஆளில்லாத பெரிய வீட்டில் அறை அறையாக நடப்பதுபோல. ஒவ்வொரு வரியோரமும் எழுதியவர் பெயர் மங்கலாகத் தெரியும். அப்போது யார் கூப்பிட்டாலும் அவள் காதில் விழாது. “உங்கம்மா உள்ள போயிட்டா, வந்ததும் சோறு கேளு” என்பான் கணவன், மகளிடம்.

இன்று காலை புதுப் பதிப்பு வெளியாகியிருந்தது. பக்கத்தில் போட்டிருந்த வரிசையை அவள் வாசிக்க, இறங்கிய கோப்பின் வரிசையைக் கணவன் கைப்பேசியில் பார்த்துவந்தான்.

“நில்லு. எனக்கு இங்க ஏழு” என்றான்.

திட்டத்தின் தலைவனை அழைத்தாள்.

“பயப்படாதீங்கக்கா, நான்தான் கோப்ப மாத்தி வச்சேன்.”

“அதே பதிப்புப் பேர்லயா?”

“நன்றிப் பக்கத்துல எம்பொண்ணு பேரச் சேத்தேன். நேத்துதான் பொறந்தா. ரேகைய மட்டும் மாத்திடுங்க, யாருக்குத் தெரியப்போகுது?”

“காலைலயே இறக்கினவங்களுக்குத் தெரியும். நாளைக்குத் திருடன் ஒருத்தன் மாத்தினாலும் இதையேதான் சொல்லுவான்.”

“ஆஸ்பத்திரில உக்காந்திருக்கேன்கா. அவ பொறந்தப்ப வந்த பதிப்பு. இதுல அவ இருக்கணும்.”

அவள் விரல் வேலை செய்தது. அவன் மாற்றிய கோப்பு பக்கத்திலிருந்து போய், காலையில் இருந்ததே திரும்ப ஏறியது.

“எடுத்துட்டேன்டா. அடுத்த பதிப்புல வருவா.”

“கல்நெஞ்சுக்கா உங்களுக்கு.”

“இருந்துட்டுப் போகுது. என்ன பண்றா?”

“தூங்குறா” என்று சொல்லிக் கைப்பேசியை வைத்துவிட்டான்.

உலாவும் பக்கத்தைத் திறந்து, மூல நிரலில் அப்படியே இருந்த அந்த நன்றி வரிக்குப் போனாள். குழந்தையின் பெயர், ஓரத்தில் மங்கலாக அப்பாவின் பெயர். வெகுநேரம் அங்கேயே இருந்தாள். பிறகு திரையில் அந்தப் பெயர் மேல் படிந்திருந்த தூசியை மட்டும் புறங்கையால் மெல்லத் துடைத்தாள்.