தண்ணி, தண்ணி (2), தண்ணி (3)

ஆழ்துளைக் கிணறு தோண்டும் எங்கள் ரிக் வண்டி எந்த ஊரில் போர் போட்டாலும், தண்ணீர் பீய்ச்சி அடிக்கிற நேரத்தில் தம்பி செல்போனில் வீடியோ எடுத்து எனக்கு அனுப்பிவிடுவான். திருச்செங்கோட்டில் ரிக் வைத்திருப்பவர்கள் எல்லாரும் செய்வதுதான். போர் போடக் கேட்டு வரும் அடுத்த தோட்டக்காரரிடம் காட்ட வேண்டுமே. நான் வீட்டுக் கம்ப்யூட்டரில் அதை ஏற்றி ‘தண்ணி’ என்று பெயர் வைப்பேன். அடுத்ததற்கும் ‘தண்ணி’. வந்தது தண்ணீர்தானே, வேறு என்ன பெயர் வைப்பது? அந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது, பக்கத்தில் ஓர் எண் போட்டுக்கொள்ளட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்கும். போட்டுக்கோ சாமி என்று தட்டிவிடுவேன்.

எல்லா வீடியோவும் பார்வைக்கு ஒன்றுதான். வெள்ளைத் தண்ணீர், கம்ப்ரஸர் இரைச்சல். கடைசியில் தம்பியின் குரல் வரும்: “ஏனுங்ணா, உங்க வாயாட்டவே நிக்காம வருது பாருங்க.” ஊருக்கு ஊர் என் வாய்க்குப் புதுப்புது உவமை.

தம்பி இப்போது இல்லை. ஒடிசாவில் வேலை நடக்கும்போது காய்ச்சல் கண்டு, ஊர் வந்து சேர்ந்து, போய்விட்டான்.

போன மாதம் அவன் மனைவி வந்தாள். “மாமா, என்ற போனு செத்துப்போச்சுங்க. அவங்க பேசுனதெல்லாம் அதுலதான் இருந்துச்சு. உங்க கம்ப்யூட்டர்ல இருக்கறத ஒரு பென்டிரைவ்ல போட்டுத் தாரீங்களா?”

“அதுக்கென்ன சாமி, தாரேன்” என்றேன்.

அப்படியே காப்பி செய்து கொடுத்திருந்தால் நான் மனிதன். ஆனால் டிஸ்க் நிரம்பிச் சிவப்புக் கோடு காட்டியது. முதலில் சுத்தம் செய்வோம் என்று ஒரு சுறுசுறுப்பு. பார்த்தால் தண்ணி, தண்ணி (2), தண்ணி (3) என்று திரை முழுக்க ஒரே வெள்ளைப் படம். ஒரே வீடியோவை எந்த மடையன் இத்தனை தடவை ஏற்றினான் என்று சிரித்துக்கொண்டே, எண் போட்ட அத்தனையையும் தேர்ந்தெடுத்து, குப்பைத்தொட்டிக்குக்கூடப் போகாதபடி நேராக அழித்தேன். சிவப்புக் கோடு நீலமானது. பாராட்டு வாங்க மனைவியைக் கூப்பிட்டேன்.

“தொறந்து பாத்தீங்களா?” என்றாள்.

“எதுக்குத் தொறக்கோணும்? பேரு ஒண்ணுதான, எல்லாம் காப்பி.”

“உங்க பங்காளிங்கள்ல பாதிப் பேருக்கு உங்க பேருதான். அவங்களையெல்லாம் காப்பின்னு அழிச்சுப்போடலாமா?”

அந்தப் பெயரை வைத்த மடையன் யாரென்று அப்போதுதான் ஞாபகம் வந்தது. குப்பைத்தொட்டியைத் திறந்தேன். காலி. மூடிவிட்டு மறுபடி திறந்தேன், அதற்குள் குட்டி போட்டிருக்கும் என்பதுபோல. பிறகு, அழிந்ததை மீட்கும் சாப்ட்வேர்களை வரிசையாக இறக்கினேன், அதே டிஸ்க்கில். வியர்வையில் மவுஸ் வழுக்கியது. கடைசியாகக் கம்ப்யூட்டர் கடைக்குப் போன் செய்தேன்.

“அழிச்சதுக்கப்பறம் அதே டிஸ்க்ல ஏதாச்சும் ஏத்துனீங்களா?” என்றார் கடைக்காரர்.

“கொஞ்சம்.”

“ஏனுங்க, அழிஞ்சது இருந்த எடத்துலயே புதுசு போயி உக்காந்துக்குமுங்களே. சரி, கொண்டாங்க, பாக்கலாங்க.”

எனக்கு அந்தச் சொல் தெரியும். ஆயிரம் அடி இறங்கியும் வெறும் புழுதி பறக்கும்போது தோட்டக்காரரிடம் நாங்களும் ‘பாக்கலாங்க’ என்றுதான் சொல்வோம்.

கடையிலிருந்து திரும்பி வந்த டிஸ்க்கில் வீடியோக்களின் பெயர்கள் எல்லாம் சரியாக இருந்தன. ஒன்றும் திறக்கவில்லை.

மிஞ்சியது எண் போடாத ‘தண்ணி’ ஒன்று. வண்டி வாங்கிய புதிதில், நானும் கூட நின்ற முதல் போர். தம்பி மனைவி வந்ததும் அதைப் போட்டுக் காட்டினேன். எடுத்த எடுப்பில் என் குரல்: “டேய், நீ வாய மூடு. வீடியோல உன்ற சத்தம் உழுவுது.” அதற்குப் பிறகு ஆழம், அழுத்தம், கம்பெனிப் பெருமை என்று நான் பேசுகிறேன், பேசுகிறேன், பேசிக்கொண்டே இருக்கிறேன். ஓரிடத்தில் படம் லேசாகக் குலுங்குகிறது. போனைப் பிடித்திருப்பவன் சிரிப்பை அடக்குகிறான்.

அவள் கடைசிவரை பார்த்தாள். “அவங்க பேசவே மாட்டாங்களா மாமா?”

“அதுல பேசல சாமி.”

மவுஸை வாங்கி வீடியோவை முதலிலிருந்து ஓட விட்டாள். மறுபடி என் குரல்தான் முதலில் வந்தது: டேய், நீ வாய மூடு.