ஈசான மூலைக் கல்

சீனியைப் பையிலிருந்து போத்தலுக்குள் கொட்டும் ஓசை இப்போதும் எனக்கு ஆகாது. பாதியில் கையை நிறுத்திவிடுகிறேன். மணல் சரிந்தபோது அப்படித்தான் கேட்டது. பெரிய சத்தம் எதுவும் இல்லை. நான் தேநீரோடு, அத்திவாரத்துக்கு வெட்டிய கிடங்கின் விளிம்பில் நின்றேன். மகள் கீழே ஈசான மூலையில் குனிந்து ஆழம் அளந்துகொண்டிருந்தாள். ஒரு சரசரப்பு. பார்த்தால், இடுப்புவரை மணலுக்குள் நின்றாள். மேசனும் கூட வந்தவர்களும் கைகளால் மணலை வாரி அவளை வெளியே எடுத்தார்கள். ஒரு சப்பாத்து உள்ளே போய்விட்டது. அவள் சிரித்தாள். நான் கடைசிவரை தேநீர்க் கோப்பையைக் கையிலிருந்து விடவேயில்லை என்று பிறகு சொன்னார்கள்.

அது எங்கள் சொந்த வீட்டுக்கான கிடங்கு. கொக்குவிலில் வாடகை வீடுகளில் இருந்து இருந்து அலுத்து, வடமராட்சிக் கரையோரத்தில் கணவரின் பங்காக வந்த காணியில் கட்டத் தொடங்கினோம். வெட்ட வெட்ட மணல்தான். மகள் கட்டடப் பொறியியல் படித்து வேலைக்குப் போகிறவள். கிடங்கை அகலமாக வெட்டி, அடியில் ஜியோடெக்ஸ்டைல் என்ற பலமான துணியை விரித்து, அதன்மேல் கிரவல் என்ற சரளைமண்ணைப் படைபடையாகப் போட்டு இறுக்க வேண்டும் என்றாள். துணி இல்லாவிட்டால் கிரவல் மெல்ல மெல்ல மணலுக்குள் இறங்கிவிடும், வீட்டின் பாரமும் சீராகப் பரவாது, சுவர் வெடிக்கும். எனக்கு விளங்கியது.

ஆனால் துணி கொழும்பிலிருந்து வரத் தாமதமானது. ஐயர் குறித்துத் தந்த நாள் காத்திருக்கவில்லை. அதை விட்டால் அடுத்த நல்ல நாளுக்கு மாதக்கணக்கில் பொறுக்க வேண்டும். அதனால் துணி வருமுன்பே ஈசான மூலையில், நாணயமும் நவதானியமும் போட்டுப் பால் வார்த்து, ஒரு சிறிய வெள்ளைக்கல்லை நாட்டிவிட்டோம். நாட்டிய கல்லை அசைக்கக் கூடாது. அதனால் அந்தக் கல் இருந்த இடத்தை மட்டும் மேடாக விட்டுச் சுற்றி ஆழமாக்கினார்கள். அந்த மேட்டின் ஒரு பக்கமும் அதையொட்டிய கிடங்குச் சுவரும் சேர்ந்துதான் அவள்மேல் சரிந்தன. கல் இருந்த இடத்திலேயே இருந்தது.

அதன் பிறகு எனக்கு எதிலும் மனம் நிற்கவில்லை. படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் பாதி எழுதிவிட்டு நின்றுவிடுவேன். மகள் வேலையிடத்துக்குப் போகும் நாள்களில் தொலைபேசியை மேசைமேல் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். கொழும்பில் இருக்கும் கணவரிடம் காணியை விற்றுவிடுவோமா என்று கேட்டேன். "நீர் பாத்துச் செய்யும்" என்றார்.

துணி விரிக்கும் நாளில் சாப்பாட்டுப் பாசல்களோடு பஸ் ஏறினேன். உண்மையில் போனது வேலையை நிறுத்தத்தான்.

போனபோது மகள் கிடங்குக்குள் நின்றாள். அன்று மணல் சரிந்த பிறகு கிடங்கின் பக்கங்களைச் சாய்வாக வெட்டுவித்திருந்தாள். எனக்கு அந்தச் சாய்விலும் நம்பிக்கையில்லை.

"அண்ணை, உந்தக் கல்லைத் தூக்கினாத்தான் துணி போடலாம்" என்று மேசனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நாட்டின கல்லுப் பிள்ளை, தூக்கேலாது. அந்த இடத்திலை மட்டும் துணியை வட்டமா வெட்டி விடுவம். சட்டைக்குக் கழுத்து வெட்டிற மாதிரி."

"கழுத்து வெட்டினா அந்த மூலைதான் முதல் தாழும். பிறகு வெடிப்புப் பூச உங்களைத்தான் கூப்பிடவேணும்."

"நல்லந்தானே. எனக்கும் தொழில் வேணும்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"நீ முதல்லை மேலை வா பிள்ளை, பிறகு கதைப்பம்" என்றேன்.

"நான் மேலை வந்தா நீங்கள் வீட்டை போவம் எண்டுவியள். அங்கை நிண்டே சொல்லுங்கோ."

துணிச் சுருள் என் காலடியில் கிடந்தது. கறுப்பு, சாக்குப் போலக் குறுக்கும் நெடுக்குமாக நெய்திருந்தது. விரலால் தடவிப் பார்த்தேன்.

போரின் கடைசிச் சண்டையின்போது, இடம்பெயர்ந்து போன கடற்கரையில், ஷெல்லுக்குப் பதுங்க மணலில் பங்கர் வெட்டினோம். வெட்ட வெட்டச் சரிந்தது. பள்ளிக்கூடத்துக்குக் கட்டுகிற என் சீலைகளை வெட்டி மூட்டைகள் தைத்து, மணல் நிரப்பி அடுக்கினேன். கையில் நில்லாத மணல் சீலைக்குள் நின்றது. சிறு பிள்ளையாயிருந்த இவள் பச்சைச் சீலை மூட்டையில் முதுகை முட்டுக்கொடுத்துத்தான் படுப்பாள். ஒரு மூட்டையில் விரல் நுழையும் அளவு கிழிசல் இருந்திருக்கிறது. நான் கவனிக்கவில்லை. ஒருநாள் பார்த்தால் அது வெறும் சீலையாகத் தொங்கியது. மணல் முழுவதும் எங்கள் காலடியில் கிடந்தது.

"கழுத்து வெட்டவேண்டாம்" என்றேன். "கல்லைத் தூக்குங்கோ."

மேசன் தலையைச் சொறிந்தார். "தூக்கி எங்கை வைக்கிறது ரீச்சர்? நிலத்திலை வைச்சா இடம் மாறினதாப் போயிடும்." கொஞ்சம் யோசித்தார். "நிலத்திலை வைக்காட்டி மாறினதெண்டு இல்லை. ஆரும் கையிலை வைச்சிருந்தாச் சரி."

"இது எந்தச் சாத்திரம் அண்ணை?" என்றாள் மகள்.

"மேசன் சாத்திரம். ரீச்சர்தானே இஞ்சை வேலையில்லாமல் நிக்கிறா."

கல்லை எடுத்தபோது அடியில் பயறு முளைத்திருந்தது, வெளிறிப்போய், வளைந்து. "நல்ல சகுனம்" என்றார் மேசன். "ஈரம் இருக்கு, அவ்வளவுதான்" என்றாள் மகள். முளையையும் நாணயங்களையும் என் கைக்குட்டையில் முடிந்தார்கள். பிளாஸ்ரிக் கதிரையில் என்னை இருத்திக் கல்லை மடியில் வைத்தார்கள். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது.

"மடியிலை கனம் இருந்தா வழியிலை பயமெண்டுவினம்" என்றார் மேசன். "ரீச்சருக்குக் கனம் மடியிலை, பயம் கிடங்குக்கை."

மேட்டை வெட்டி மட்டமாக்கினார்கள். துணியை விரித்தார்கள். ஒரு துண்டின்மேல் மற்றது நன்றாக ஏறிக்கிடக்க வேண்டும் என்று மகள் முழங்காலில் தவழ்ந்து பார்த்தாள். கிரவல் கொட்டினார்கள். இறுக்கும் இயந்திரம் அதிரத் தொடங்கியதும் பக்கத்து மணல் பொலபொலவென்று உதிர்ந்தது. நான் எழும்பப் பார்த்தேன். மடியிலிருந்த கல் விடவில்லை. மறுபடி உதிர்ந்தது, மறுபடி எழும்பப் பார்த்தேன். கல்லைக் கீழே போட்டுவிட்டு ஓடலாம். போட்டால் எல்லாம் வீணாகிவிடும். மகளின் தலை தெரிகிறதா, தெரிகிறதா என்று பார்த்தபடி இருந்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்கும் அவள் மேலே வரவில்லை. பாசலைக் கீழே வாங்கிச் சாப்பிட்டாள். நான் சாப்பிடவில்லை.

கிரவல் இறுகி முடிந்ததும் கீழிருந்து கையை நீட்டினாள். "கல்லைத் தாங்கோ அம்மா."

கொடுக்க மனம் வரவில்லை. கால்கள் மரத்திருந்தன. பலகை வழியே கல்லோடு நானே இறங்கினேன். கிரவல்மேல் கால் புதையவில்லை. நூல் கட்டிக் காட்டிய இடத்தில் கைக்குட்டையை அவிழ்த்துக் கொட்டி, அதன்மேல் கல்லை வைத்தேன்.

"அசைஞ்சதோ ரீச்சர்?" என்று மேலேயிருந்து மேசன் கேட்டார்.

"இல்லை. என்னோடைதான் இருந்தது."

மகள் மட்டம் பார்த்தாள். தட்டினாள். மறுபடி பார்த்தாள். காற்று எழும்பியது. என் குதிக்கால் பக்கம் ஒரு பிடி மணல் சரசரத்து இறங்கியது.

"நீ முதல்லை ஏறு" என்றேன்.

"எல்லாம் முடிஞ்சுது அம்மா. இனி ஒண்டும் சரியாது."

"ஓம், சரியாது. ஏறு."

அவள் பலகையில் ஏறி முடியும்வரை, அவளுக்கும் மணற்சுவருக்கும் நடுவில் நின்றேன்.