கறை எடுக்கப்பட்ட லேப்டாப்

"திரவம் உள்ளே போயிருக்கிறது. டீ மட்டும் இல்லை." என் லேப்டாப்பின் முதுகில் சர்வீஸ் கடைக்காரர் ஒட்டிய சீட்டில் இவ்வளவுதான் இருக்கிறது. வியாழன் என்று கிழமை போட்டிருந்தார், தேதி போடவில்லை. கார்த்திகை மாதம் என்று பென்சிலில் நான் பிறகு சேர்த்துக்கொண்டேன். தேதியில்லாத காகிதம் கைக்கு வந்தால் எனக்கு இருப்புக்கொள்ளாது.

முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் ஏற்றுமதிக் காகித வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு வேறொரு வேலை உண்டு. எங்கள் ஊர் ராயபுரத்தில் எப்போதோ மூடப்பட்ட பனியன் கம்பெனிகளின் லேபிள்களைத் தேடிப் போவேன். சட்டைக் கழுத்தில் தைக்கிற சின்னத் துணி லேபிள், பெட்டி மேல் ஒட்டுகிற காகித லேபிள், எது கிடைத்தாலும் படம் எடுத்துக்கொண்டு, எந்த வருடம் தொடங்கினார்கள், எந்த வருடம் மூடினார்கள் என்று வீட்டாரைக் கேட்டுப் படத்தின் கீழே எழுதிவைப்பேன். லேபிளை அவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிடுவேன். அதற்குப் பிறகு அவற்றில் பாதி எங்கே போனது என்று எனக்குத் தெரியாது. சில வீடுகளே இடிபட்டுவிட்டன. படங்கள் எல்லாம் லேப்டாப்பில் மட்டும்தான் இருந்தன. போனில் இடமில்லை என்று அங்கிருந்து அழித்திருந்தேன். இன்னொரு பிரதி எடுத்துவைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

அந்தப் புதன்கிழமை சாயங்காலம் டையிங்கிலிருந்து துணி வந்திருக்கிறது, நிறம் சரியா என்று பார்க்கக் கூப்பிட்டார்கள். லேப்டாப்பைத் திறந்தபடி, பக்கத்தில் டீ கப்போடு விட்டுவிட்டுப் போனேன். திரும்பி வரும்போது அது மூடியிருந்தது. மேசை துடைத்திருந்தது. எங்கள் ஆபீசில் யாரும் மேசை துடைத்து நான் பார்த்ததில்லை. லேப்டாப்பைத் தொட்டேன். அடிப்பக்கம் கதகதப்பாக இருந்தது, ஆனால் உயிர் இல்லை. பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. திறந்து பார்த்தால் கீபோர்டு பளிச்சென்று இருந்தது. வாங்கிய நாளில்கூட அது அப்படி இருந்ததில்லை. சில கீகளில் எழுத்தே இல்லை.

"யாராவது இங்க வந்தீங்களா?" என்று சத்தமாகக் கேட்டேன். எல்லோரும் அவரவர் வேலையை ரொம்ப அக்கறையாகப் பார்த்தார்கள்.

என் சந்தேகம் நேராகக் கட்டிங் மாஸ்டரிடம் போய் நின்றது. காரணம் இருந்தது. முந்தின வாரம்தான் அவருக்கும் எனக்கும் வாக்குவாதம். அவருடைய அம்மாவின் அப்பா ராயபுரத்தில் கம்பெனி வைத்திருந்தவர், மயில் படம் போட்ட லேபிள். அந்தத் தெருவில் முதல் கம்பெனி அதுதான் என்பது அவர்கள் குடும்பத்துப் பெருமை. முருகன் கொடுத்த தொழில் என்று சொல்வார். நான் விசாரித்ததில் அதே தெருவில் வேறொரு கம்பெனி அதற்கு முன்பே இருந்திருக்கிறது. மயில் படத்தின் கீழே அப்படியே எழுதியிருந்தேன்.

"என்ற அப்புச்சி ரெண்டாவதுங்களா? அதை அழிச்சுப்போடுங்க அம்மிணி" என்றார்.

"ஆதாரம் இருந்தா மாத்தறனுங்க மாஸ்டர்."

"ஆதாரம் என்ன ஆதாரம்? நான் உசுரோட நிக்கறேன், பத்தாதுங்களா?"

அப்போது சிரித்துக்கொண்டேதான் போனார். புதன்கிழமைக்குப் பிறகு அந்தச் சிரிப்பை நான் வேறுவிதமாக நினைத்துப் பார்த்தேன்.

மறுநாள் லேப்டாப்பைச் சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பின்பக்கத்தைக் கழற்றி மூக்கருகே கொண்டுபோனார்.

"யாரு இத கழுவுனது, அக்கா?"

"கழுவலீங்க. டீ கொட்டியிருக்கும்னு நினைக்கறேன்."

"டீன்னா ஒட்டும்லா. உள்ள கொஞ்சம் ஒட்டுது, மேல ஒண்ணுமே இல்ல. எழுத்தக் காணும், பிளாஸ்டிக் வெளுத்திருக்கு. எவனோ நல்லா மருந்தடிச்சிருக்கான்."

"உள்ள இருக்கற படமெல்லாம்?"

"போர்டு போச்சு. டிஸ்க்க சனிக்கிழம பாத்துச் சொல்லுதேன். இப்ப எதுவும் சொல்ல முடியாது."

டீ கொட்டுவது விபத்து. மருந்தடிப்பதற்கு ஒரு கை வேண்டும், ஒரு எண்ணம் வேண்டும். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் இதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். லேப்டாப்பிலிருந்து வந்த மருந்து வாடை எனக்குப் பழக்கமானதுபோலவும் இருந்தது.

அதை எங்கே முகர்ந்திருக்கிறேன் என்று வெள்ளிக்கிழமை காலையில் தெரிந்தது. செக்கிங் பகுதியைத் தாண்டிப் போகும்போது அதே வாடை மூக்கில் ஏறியது. தைத்து வருகிற பனியனில் மிஷின் எண்ணெய் பட்டிருந்தால், துப்பாக்கி மாதிரியான ஒரு கன்னால் மருந்தைப் பீய்ச்சிக் கறையை எடுப்பார்கள். கறை எடுக்கிற அக்கா கன்னைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தார், உடனே கன்னை மேசைக்கடியில் வைத்தார். ஒளித்துவைக்க அதில் என்ன இருக்கிறது?

"என் லேப்டாப்ல அடிச்சீங்களாக்கா?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. "கறைதானுங்க மேடம். கறைன்னா இதுதானுங்க அடிப்போம். வெள்ளைத் துணியிலயே போயிரும், இது போகாதான்னு..."

"யாரு அடிக்கச் சொன்னது?"

"மாஸ்டருதான் தூக்கிட்டு ஓடியாந்தாருங்க. டீ ஊத்திப்போச்சு, சீக்கிரம் சீக்கிரம்னாரு. நானும் கழுத்துப்பட்டிக்கு அடிக்கற மாதிரி ஓரம் ஓரமா அடிச்சனுங்க."

"அப்பறம்?"

அவர் அயர்னிங் பக்கம் கை காட்டினார். அங்கே அயர்ன் போடுகிறவர் பீகார்க்காரர், தமிழில் தேவையானதை மட்டும் பேசுவார். நான் வருவதைப் பார்த்ததுமே இரண்டு கையையும் தூக்கினார்.

"மேடம், அயர்ன் போடல. சத்தியமா. காத்து மட்டும்."

அயர்ன் மேசையில் பெடலை மிதித்தால் துணியில் இருக்கிற நீராவியைக் கீழே உறிஞ்சிக்கொள்ளும். என் லேப்டாப்பை அதன்மேல் குப்புறப் போட்டு, ஈரத் துணியைப் போல உறிஞ்சவிட்டிருக்கிறார்கள். பனியனுக்குச் செய்கிற எல்லாவற்றையும் அதற்கும் செய்திருக்கிறார்கள். மடித்துப் பாலித்தீன் கவரில் போடாதது ஒன்றுதான் பாக்கி.

இதைக் கேட்டுச் சிரித்திருக்கலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று பேர் சேர்ந்து செய்த காரியத்தைப் பற்றி இரண்டு நாள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. மாஸ்டரைக் கட்டிங் மேசையிலேயே போய்ப் பிடித்தேன்.

"என் டேபிள்ல உங்களுக்கு என்னங்க மாஸ்டர் வேலை?"

"மயிலைப் பாக்க வந்தனுங்க."

"பாக்கவா, அழிக்கவா?"

"அழிக்கோணும்னா கட்டிங் மிஷினே என்ற கையில இருக்குதுங்க அம்மிணி. டீயை ஊத்தியா அழிப்பேன்?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எங்க ஊட்டுல அந்த லேபிள் இப்ப இல்லீங்க. வெள்ளையடிக்கறப்ப குப்பையோட போயிருச்சு. உங்ககிட்ட இருக்கறதுதான் மிச்சம். நான் போறப்பவே கப்பு கவுந்து கெடந்துச்சுங்க. காஞ்சா ஓடிரும், அப்பறமேல் சொல்லிக்கலாம்னு இருந்தோம்."

லேபிள் தொலைந்ததை அவர் அதுவரை என்னிடம் சொன்னதே இல்லை. உண்மையாகவும் இருக்கலாம், அப்போது தோன்றிய பதிலாகவும் இருக்கலாம். அவர் வீட்டில் போய்ப் பெட்டியைத் திறந்து பார்க்க எனக்கு வழியில்லை.

சனிக்கிழமை கடைக்காரர் கூப்பிட்டார். டிஸ்க் பிழைத்துவிட்டது. அவருடைய கணினித் திரையில் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டச் சொன்னேன். வாடிக்கையாளர்கள் பின்னால் முணுமுணுத்தார்கள், நான் நகரவில்லை. யானை, கப்பல், தாமரை, இரட்டைக் கிளி, மயில். மயிலின் கீழே நான் எழுதியதும் அப்படியே இருந்தது. அங்கேயே இரண்டு பிரதி எடுக்கச் சொன்னேன்.

திங்கட்கிழமை நான் உள்ளே நுழையும் முன்பே மாஸ்டர் வாசலில் நின்றார். "மயில் வந்துருச்சுங்களா?"

அவருடைய போனுக்குப் படத்தை அனுப்பினேன். பெரிதாக்கி, மயிலின் தோகையை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். பிறகு படத்தின் கீழே நான் எழுதியிருந்ததற்கு வந்தார்.

"ரெண்டாவதுன்னே இருக்குதுங்க."

"ஆமாங்க."

"சரி" என்று போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இதில் நான் உறுதிசெய்தவை இவை: மருந்தடித்தது செக்கிங்கில், காயவைத்தது அயர்னிங்கில், இரண்டையும் செய்யச் சொன்னது மாஸ்டர். புதன்கிழமை நான் எழுந்து போகும்போது கப்பில் டீ மிச்சம் இருந்தது, அது நேராகத்தான் நின்றது என்று எனக்கு ஞாபகம். அவசரமாக எழுந்ததில் என் துப்பட்டா நுனி பட்டிருக்கலாம் என்று செக்கிங் அக்கா சொல்கிறார், ஆனால் அவர் அப்போது ஆபீசில் இல்லை. மாஸ்டர் வந்தபோது கப்பு கவிழ்ந்து கிடந்தது என்பதற்கு மாஸ்டர் சொல்வது ஒன்றே சாட்சி. அது இன்றுவரை உறுதிசெய்யப்படவில்லை.