மேடையில் டீச்சர்

எனக்குப் பதினோரு வயதாக இருக்கும்போது நாங்கள் மதுரை கே.கே. நகரில் குடியிருந்தோம். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அம்மாவின் தம்பி, என் மாமா, ஒரு அரசாங்க அலுவலகத்தில் கிளார்க்காக வேலைக்குச் சேர்ந்து, எங்கள் வீட்டு மாடி அறையில் தங்கியிருந்தார். அவரிடம் ஒரு டேப் ரெக்கார்டர் இருந்தது. அப்பா காதில் விழாத நேரமாகப் பார்த்து அதில் இங்கிலீஷ் பாட்டுப் போடுவார். எல்லாம் பெங்களூரில் உள்ள ஒரு பேண்டு குழுவின் பாட்டுகள். அர்த்தம் ஒன்றும் தெரியாமலே டேப்பில் இருந்த எட்டுப் பாட்டையும் நான் மனப்பாடமாகப் பாடுவேன். மாமா வாளியைக் கவிழ்த்துப்போட்டு டிரம்ஸ் அடிப்பார். அந்த அறைக்குள் நுழையும் உரிமை உலகத்திலேயே எனக்கு மட்டும்தான் உண்டு என்று நம்பியிருந்தேன்.

அந்தக் குழு மதுரைக்கே வருகிறது என்று ஒருநாள் மாமா மூச்சிரைக்க மாடிப்படி ஏறி வந்து சொன்னார். பக்கத்துக் கல்லூரியின் விழா. மைதானத்தில் மேடை போட்டு, நாலரை மணிக்கு ஆரம்பித்து, விளக்கு வைத்ததும் முடித்துவிடுவார்களாம். அம்மாவிடம் மாமா ஒரு வாரம் கெஞ்சினார். "நானும் பாப்பாவும் மட்டுந்தான்க்கா. ஏழு மணிக்கு வீட்ல இருப்போம்" என்றார். அம்மா கிறிஸ்துமஸுக்குத் தைத்த மஞ்சள் கவுனைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். டேப்பில் முதலாவதாக வரும் பாட்டை அவர்கள் பாடும்போது என்னைத் தோளில் தூக்கிக்கொள்வதாக மாமா சத்தியம் செய்திருந்தார். பள்ளிக்கூடத்தில் ஒருத்தி விடாமல் எல்லோரிடமும் அதைச் சொல்லியிருந்தேன்.

கல்லூரி வாசலில் ஒருவர் எங்களுக்காகக் காத்திருந்தார். கரும்பச்சைச் சேலை, கையில் குடை. எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருந்த நர்சரி பள்ளிக்கூடத்து டீச்சர் அவர். ஊர் திருவாதவூர். அங்கே அவருடைய அண்ணன்மார் வயலும் மாடுமாகப் பெரிய குடும்பம் என்று அம்மா யாரிடமோ சொல்லிக் கேட்டிருக்கிறேன். தினமும் காலையில் அவர் பஸ்ஸிலிருந்து இறங்கும் அதே நிறுத்தத்தில்தான் மாமா பஸ் ஏறுவார்.

"டீச்சரும் நம்மகூட பாட்டு கேக்க வாராங்க. வீட்ல சொல்ல வேணாம், என்ன மருமகளே?" என்றார் மாமா.

"ஏன் சொல்லக்கூடாது?"

"சும்மாதான்."

டீச்சர் குனிந்து என் கவுன் லேஸைத் தொட்டுப் பார்த்து, "ரொம்ப நல்லாருக்கு பாப்பா" என்றார். எனக்கு அது பிடிக்கவில்லை. உள்ளே போகும்போது மாமா இரண்டு பொட்டலம் வேர்க்கடலை வாங்கினார். முதல் பொட்டலம் டீச்சருக்குப் போனது. இரண்டாவதுதான் எனக்கு. நான் அதைப் பிரிக்காமலே வைத்துக்கொண்டேன். டீச்சர் குடையை என் தலைக்கு மேலே பிடித்தார். நான் ஓரடி தள்ளி வெயிலில் போய் நின்றேன்.

குழுவினர் மேடைக்கு வந்தபோது எனக்குச் சற்று ஏமாற்றம்தான். எல்லோரும் அப்பாவைவிட மூத்தவர்களாக இருந்தார்கள். பாடகருக்கு முன்மண்டை முழுக்க வழுக்கை. மிச்சமிருந்த முடியைத் தோள்வரை வளர்த்திருந்தார். டிரம்ஸ்காரருக்குப் பெரிய தொப்பை. கிட்டார்காரர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டுதான் கிட்டாரைத் தொட்டார். ஆனால் முதல் அடி விழுந்ததும் என் நெஞ்சுக்குள் ஏதோ குதித்தது. வாளிச் சத்தத்தில் கேட்ட பாட்டெல்லாம் மைதானம் அகலத்துக்கு விரிந்து வந்தது. முன்னால் நின்ற மாணவர்கள் சட்டையைக் கழற்றிச் சுற்றினார்கள்.

நாலாவதாக என் பாட்டு வந்தது. முதல் தந்தி ஒலித்ததுமே கண்டுபிடித்துவிட்டேன். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு மாமா பக்கம் திரும்பினேன். மாமா டீச்சரின் காதருகே குனிந்து, ஒவ்வொரு வரிக்கும் அர்த்தம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு ஒருநாளும் சொல்லாத அர்த்தம். டீச்சர் தலை குனிந்து சிரித்தார். நான் கையைத் தூக்கியபடியே ஒரு சரணம் முழுக்க நின்றேன். பக்கத்திலிருந்த ஒருவர், "பாப்பாவுக்கு என்ன, ஆட்டம் வருதா?" என்றார். கையை இறக்கினேன். கடலைப் பொட்டலத்தை அங்கேயே போட்டுவிட்டுக் கூட்டத்துக்குள் நுழைந்தேன்.

தொலைந்துபோவதுதான் என் திட்டம். மாமா தேட வேண்டும், அழ வேண்டும், டீச்சரைத் திட்டி வீட்டுக்கு அனுப்ப வேண்டும். மேடையைத் தகர டிரம்கள் மேல் பலகை அடுக்கிக் கட்டி, சுற்றிலும் நீலத்துணி தொங்கவிட்டிருந்தார்கள். பின்பக்கமாகப் போய் துணியைத் தூக்கி உள்ளே ஊர்ந்தேன். தலைக்கு மேலே தொப்பைக்காரர் அடித்த ஒவ்வொரு அடிக்கும் பலகையிலிருந்து புழுதி என் கவுனில் கொட்டியது. இரண்டு மூன்று பாட்டு போயிருக்கும். திடீரென்று எல்லாம் நின்றது.

பாடகர் மைக்கில் இங்கிலீஷில் என்னவோ சொன்னார். நடுவில் என் பெயர் வந்தது. உச்சரிப்பு கோணலாக இருந்தாலும் என் பெயரேதான். டேப்பில் கேட்ட அதே குரல்! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இன்னொரு தரம் சொல்லட்டும் என்று அசையாமல் இருந்தேன். இன்னொரு தரமும் சொன்னார். மூன்றாவது தரத்துக்குக் காத்திருந்தேன்.

அப்போது பலகையின் மேல் செருப்புச் சத்தம் நடுவரைக்கும் வந்து நின்றது. மைக் ஒருமுறை கீச்சென்றது.

"பாப்பா, நான் டீச்சர் பேசுறேன். எங்கன இருந்தாலும் மேடைகிட்ட வந்துரு. ஒன்ன யாரும் வைய மாட்டாங்க. மாமா கெணத்துப் பக்கம் தேடிப் போயிருக்காரு. மஞ்சக் கவுன் போட்ட புள்ளைய யாராச்சும் பாத்தா கூட்டிட்டு வாங்க."

கல்லூரி விடுதிக்குப் பின்னால் சுற்றுச்சுவர் இல்லாத பாழுங்கிணறு ஒன்று இருந்தது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். அந்த மேடையில், அந்தப் பாடகருக்குப் பக்கத்தில், அவருடைய மைக்கைப் பிடித்துக்கொண்டு டீச்சர் நிற்கிறார். எட்டுப் பாட்டும் தெரிந்த நான் புழுதிக்குள் கிடக்கிறேன். ஆத்திரத்தில் துணியை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

கூட்டம் கைதட்டியது. டீச்சர் மேடையிலிருந்து ஏறக்குறையக் குதித்து வந்து என்னை வாரிக்கொண்டார். அவருடைய கை சில்லென்று இருந்தது. முன்வரிசையில் நின்ற ஒருவன் தன் கூட்டாளியிடம், "மாப்ள, இது திருவாதவூர் அண்ணே தங்கச்சில்ல?" என்று கேட்டான். "ஆமாடா. யாரையோ மாமாங்குதே. இங்க எவன்கூட வந்துச்சு?" என்றான் மற்றவன். டீச்சருக்கும் அது கேட்டது. என்னை இறக்கிவிடாமல் அவர்களையே ஒரு கணம் பார்த்தார். என்னை யாருக்கும் தெரியவில்லை, அவரைத்தான் எல்லோருக்கும் தெரிகிறது என்று எனக்கு இன்னும் எரிந்தது.

மாமா முழங்கால்வரை சேறாக ஓடிவந்தார். என்னைப் பார்த்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு டீச்சரைப் பார்த்து, "நீங்க எதுக்கு மேல ஏறினீங்க? நான் வந்திருப்பேன்ல?" என்றார்.

"அவரு சொன்னது யாருக்கும் புரியல. அம்புட்டு நேரம் எப்படிப் பாத்துக்கிட்டு நிக்கிறது?" என்றார் டீச்சர். "நான் தனியாப் போறேன். நீங்க பாப்பாவக் கூட்டிட்டுப் போங்க." குடையை விரித்துக்கொண்டு, வெயிலே இல்லாத நேரத்தில், வாசலைப் பார்த்து நடந்தார்.

அடுத்த திங்கட்கிழமை நர்சரிக்கு வேறொரு டீச்சர் வந்தார். பழைய டீச்சரை அண்ணன்மார் வேலையை விடவைத்து வீட்டோடு நிறுத்திவிட்டார்கள் என்றும், தை மாதம் கல்யாணம் என்றும் நர்சரியில் படித்த எதிர்வீட்டுப் பையனின் அம்மா வந்து சொன்னாள். என் அம்மா மாடியைப் பார்த்தாள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். மாமாவும் அறையும் எட்டுப் பாட்டும் திரும்ப எனக்கே வந்துவிட்டன என்று துள்ளிக்கொண்டு மாடிக்குப் போனேன். மாமா டேப்பைப் போடவில்லை. கேட்டால், "ரெக்கார்டர் பெல்ட் அறுந்துபோச்சு" என்றார். நான் தொலைந்ததற்காக ஒரு வார்த்தை திட்டவும் இல்லை. கோபமாக இருக்கிறார் என்று நினைத்து நானும் பேசாமல் இருந்தேன்.

தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமா கோவிலுக்கு வரவில்லை. ஆராதனை முடிந்து வந்து பார்த்தபோது கட்டிலில் படுத்திருந்தார். அன்று அவராகவே என்னைக் கூப்பிட்டார்.

"நீ மேடைக்கு அடியிலதான இருந்த? டீச்சர் மைக்குல பேசுனது நல்லாக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"குரல் நடுங்குச்சா?"

யோசித்துப் பார்த்தேன். பொய் சொல்லத்தான் ஆசையாக இருந்தது. "இல்ல. நல்லா கணீர்னுதான் இருந்துச்சு" என்றேன்.

"அதான். அவங்க பயப்படவே இல்ல" என்றார் மாமா. சிரித்த மாதிரி இருந்தது. பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

எட்டுப் பாட்டும் பாடுகிற என் குரலை ஒருநாளாவது அப்படி விசாரித்திருக்கிறாரா என்று எனக்கு மறுபடியும் பொறாமையாக வந்தது.