மார்லீன் பாடிய பின்பக்கம்

ரொறொன்ரோவுக்குப் பக்கத்தில், யூனியன்வில்லில் புதிதாகத் திறந்த கோப்பிக் கடை ஒன்றில் சுவர் முழுக்கச் சின்ன இசைத்தட்டுகளை ஒட்டி வைத்திருக்கிறார்கள். போன கிழமை மனைவி கோப்பிக்கு வரிசையில் நிற்க, நான் சுவரோடு போய் நின்று ஒரு தட்டின் விளிம்பை நகத்தால் கிளப்பிப் பார்த்தேன். கல்லாவில் நின்றது எங்கட தமிழ்ப் பிள்ளை ஒன்று. "அங்கிள், அது சும்மா டெக்கர். பாட்டுப் படிக்காது" என்றது. அது எனக்கும் தெரியும். பின்பக்கத்தில் என்ன பாட்டு என்று பார்க்கத்தான் கை போனது. "உவருக்கு உது ஒரு வருத்தம், பிள்ளை" என்று மனைவி சமாதானம் சொன்னாள்.

வருத்தம்தான், மாறாத நோய். சிங்கிள் என்பது கையகலத் தட்டு. முன்னுக்கு ஒரு பாட்டு, பின்னுக்கு ஒரு பாட்டு. முன்பக்கம் விற்பதற்கு. பின்பக்கம் வெறுமையாக விடக்கூடாதே என்பதற்கு. சில தட்டுகளில், முதல் அடித்த பிரதிகளின் பின்பக்கத்தில் ஒரு பாட்டு இருக்கும். பிறகு தட்டுக் கம்பனி முதலாளி மனம் மாறி அதை எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்டிருப்பார். அப்படி எடுபட்ட பாட்டுகளைத் தேடித் திரிகிற கூட்டம் ஒன்று உலகம் முழுக்க உண்டு. அதில் நானும் ஒருவன். அதிலும் எனக்கு சோல் மட்டும்தான். கறுப்பின மக்கள் நெஞ்சைத் திறந்து பாடுகிற பாட்டுகள்.

யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்தவனுக்கு இது எப்படித் தொற்றியது என்று கேட்பீர்கள். குளிரால் தொற்றியது. யங் வீதியில் பஸ்ஸுக்கு நின்று கால் விறைத்த ஒரு நாள் பக்கத்திலிருந்த பழைய இசைத்தட்டுக் கடைக்குள் நுழைந்தேன். உள்ளே ஹீற்றர் ஓடிக்கொண்டிருந்தது. சும்மா நிற்கக் கூச்சமாக இருந்ததால் பெட்டிகளைப் புரட்டினேன். ஈர மட்டையும் சூடேறிய தூசியும் கலந்த ஒரு மணம் அங்கே. இன்றைக்கும் குளிர்காலம் தொடங்கி வீட்டில் முதல்முதலாக ஹீற்றரைப் போடும்போது அந்த மணம் வரும். மனைவி யன்னலைத் திறப்பாள். நான் கொஞ்சம் பொறு என்பேன்.

அப்போது நாங்கள் கொஞ்சப் பொடியள் ஸ்காபரோவில் ஒரு அப்பார்ட்மென்ரில் நெருக்கியடித்து இருந்தோம். என் அறையில் இருந்தவன் செல்வம். நான் தட்டைப் போட்டதும் தொடங்குவான்.

"உவள் என்ன சொல்லுறாளெண்டு உனக்கு விளங்குதோ?"

"இல்லை."

"பிறகு ஏன்ரா கேக்கிறாய்?"

யாரோ எதையோ திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள், அது கிடைக்கப்போவதில்லை என்பது மட்டும் விளங்கியது.

வேலை மிசிசாகாவில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் இடத்தில். நான் தட்டில் பாண் வைப்பேன். அடுத்து நிற்கும் மார்லீன் வெண்ணெய் வைப்பார். ஜமேக்காவில் பிறந்து சின்ன வயதிலேயே இங்கே வந்தவர். என்னைவிட நல்லாக மூத்தவர். தலையில் வலைத்தொப்பி, வாயில் எந்நேரமும் ஒரு முணுமுணுப்பு. ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில், ரொறொன்ரோவிலேயே பதிவான ஒரு பழைய சிங்கிள் கிடைத்ததை அவரிடம் சொன்னேன். முன்பக்கம் ஈவோன் என்ற பெண் பாடியது. பின்பக்கம் குரலே இல்லை, வெறும் வாத்தியம்.

மார்லீன் கரண்டியை வைத்தார். அவர் ஆங்கிலத்தில் சொன்னது எனக்கு எங்கட தமிழில்தான் எழுத வருகிறது.

"ஈவோன் என்ர அக்கா. அந்தப் பின்பக்கம் முதல்ல நான் பாடினது."

"பிறகு?"

"பிறகு அவள் எடுப்பிச்சுப் போட்டாள்."

பதிவு நாளன்று காலையில் சகோதரிகளுக்குள் சண்டை. ஒரு தட்டில் இரண்டு பாடகிகளுக்கு இடமில்லை என்று ஈவோன் கத்தியிருக்கிறார். மார்லீன் தனியாகப் போய்ப் பாடிவிட்டு வந்தார். முதல் பிரதிகள் சில வானொலி நிலையங்களுக்குப் போயின. கடைக்கு வந்தபோது பாட்டு இல்லை. மார்லீனுக்கு ஒரு பிரதிகூடக் கிடைக்கவில்லை. அக்காவோடு அன்றைக்குப் பேச்சை விட்டவர்; தாயின் செத்தவீட்டிலும் எதிரெதிர்ப் பக்க வாங்குகளில்தான் இருந்தார்களாம். இதைச் சொல்லிவிட்டு மார்லீன் மிச்சச் சோற்றைச் சாப்பிட்டார்.

நான் தேடினேன். வருடக்கணக்காகத் தேடினேன். மார்லீனுக்காக என்று சொன்னால் நன்றாக இருக்கும், உண்மையில் எனக்காகத்தான்.

நானும் செல்வமும் கலியாணம் கட்டினோம். அவன் விலை குறைவென்று அஜக்ஸில் வீடு வாங்கினான். சாவி கிடைத்த அன்றே போன் எடுத்தான்.

"மச்சான், உன்ர தட்டுக் குப்பை மாதிரிக் கொஞ்சம் இங்க பேஸ்மென்ரில கிடக்கு. எறியட்டோ?"

"தொடாதை. வாறன்."

முன்பு அந்த வீட்டில் இருந்தவர் வானொலி அறிவிப்பாளராம். அவர் செத்த பிறகு பிள்ளைகள் பெட்டிகளை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். மூன்றாவது பெட்டியின் அடியில் அது இருந்தது. அதே முன்பக்கம். திருப்பினால் வேறு தலைப்பு, கீழே மார்லீனின் பெயர்.

ஞாயிற்றுக்கிழமை, அவர் தேவாலயத்தால் வந்த நேரம் பார்த்துப் பிளேயரையும் தூக்கிக்கொண்டு போனேன். மார்லீன் கோட்டைக் கழற்றாமலே நின்று கேட்டார். முதல் அடிகளில் முகம் அசையவில்லை. இரண்டாவது சரணத்தில் அவர் குரலுக்குக் கீழே இன்னொரு குரல் மெதுவாகச் சேர்ந்தது. மார்லீன் கதிரையைப் பிடித்தார்.

"திரும்பப் போடு."

போட்டேன்.

"கீழ வாறது ஆரெண்டு தெரியுமோ?"

"தெரியாது."

"ஈவோன். அவள் அண்டைக்கு வரவே இல்லை. நான் தனியத்தான் பாடினனான்."

பிறகு ஒரு விலாசம் சொன்னார். அது மிசிசாகாவில், எங்கள் வேலைத்தலத்துக்குக் கிட்டத்தான். தினமும் பஸ்ஸில் அந்தத் தெருவைத் தாண்டித்தான் அவர் வேலைக்குப் போய் வந்திருக்கிறார். என் காரில் 401 நெடுஞ்சாலையால் போனோம். தட்டு அவர் மடியில் இருந்தது.

கதவைத் திறந்த ஈவோன் தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை; தட்டைத்தான் பார்த்தார்.

"இதுக்குள்ள நீ எப்பிடி வந்தனீ?" என்று மார்லீன் கேட்டார்.

"அடுத்த நாள் போனன். கத்தினது பிழையெண்டு பட்டுது. பதிவு செய்யிற பொடியனைக் கெஞ்சி, உனக்குக் கீழ பாடிப்போட்டு வந்தன். உனக்குச் சொல்லாமல் வைச்சிருந்தன்."

"பிறகு ஏன் எடுப்பிச்சனீ?"

"நான் எடுப்பிக்கேல்லை. ரேடியோக்காரர் திருப்பிப் போட்டு உன்ர பாட்டை விடத் தொடங்கிச்சினம். முன்பக்கம் விக்காதெண்டு முதலாளிதான் எடுத்தவர். கேக்காமல் உன்ர பாட்டுக்குள்ள வந்திட்டனெண்டு நீ கோவமெண்டு நான் நினைச்சன்."

மார்லீன் கோட்டைக் கழற்றினார்.

எனக்கு இஞ்சிக் கேக் தந்தார்கள். ஒருவரும் கட்டிப்பிடித்து அழவில்லை. கொஞ்ச நேரத்தில் தாயின் தளபாடங்கள் யாரிடம் போயின என்று வாக்குவாதம் தொடங்கிவிட்டது. வெளிக்கிடும்போது நான் தட்டுக்குக் கை நீட்டினேன். இரண்டு பேரும் என்னைப் பார்த்த பார்வையில் கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து சொல்ல மனைவி ஒரு மணித்தியாலம் சிரித்தாள்.

யங் வீதிக் கடை இருந்த இடத்தில் இப்போது கண்ணாடிக் கட்டடம் நிற்கிறது. மிசிசாகாவில் பாண் வைத்த கூடத்தையும் மூடிவிட்டார்கள். ஈவோன் ஒரு மாரிகாலத்தில் போய்ச் சேர்ந்தார். செத்தவீட்டில் முன்வரிசை வாங்கில் மார்லீன் தனியாக இருந்தார். அடுத்த வருடம் ஜமேக்காவுக்குத் திரும்பிப் போனார், அங்கேயே முடிந்து போனார். தட்டைக் கொண்டு போனாரோ, அக்காவின் சவப்பெட்டிக்குள் வைத்தாரோ, நான் கேட்கவில்லை. இன்னொரு பிரதி இதுவரை என் கண்ணில் படவில்லை.

சில வேளைகளில் அந்தப் பாட்டை முணுமுணுக்கப் பார்க்கிறேன். மார்லீனின் குரல் மறந்துவிட்டது. இரண்டாவது சரணத்தில் கீழே சேர்கிற குரல் மட்டும்தான் வருகிறது.