பூந்திக்கொட்டை உடைத்த சவ்வு

எனக்குப் பொறுமை கிடையாது. ஸ்ரீரங்கம் பஸ் கொஞ்சம் தாமதித்தாலே டிரைவரின் ஏழு தலைமுறையையும் திட்டித் தீர்ப்பேன். அப்படிப்பட்டவளை, திருச்சியில் ஒரு ஆய்வகத்தில், பொறுமையே உருவான ஒருத்தியின் பக்கத்து மேஜையில் உட்கார வைத்தார்கள்.

அவள் காந்தி மார்க்கெட் பக்கத்துக்காரி. வேலை, செயற்கைச் சவ்வு செய்வது. நம் உடம்பின் ஒவ்வொரு செல்லையும் மூடியிருக்கும் மெல்லிய கொழுப்புத் தோல் இருக்கிறதே, அதைப் போலவே ஒன்றை, பிளாஸ்டிக் கிண்ணத்தின் ஊசித்துளைமீது தூரிகையால் பூசுவாள். இருபுறமும் உப்புத் தண்ணீர். சவ்வு முழுசாக இருந்தால் மின்சாரம் கடக்காது. கெட்டுப்போன சாப்பாட்டின் நஞ்சு பட்டு ஓட்டை விழுந்தால் கடக்கும், கணினித் திரையில் கோடு எகிறும். சாப்பாட்டில் நஞ்சு இருக்கிறதா என்று இப்படிக் கண்டுபிடிப்பதுதான் ஆராய்ச்சி.

ஆனால் நஞ்சே படாமல் சவ்வு உடைந்துகொண்டிருந்தது. மாதக்கணக்காக! வெள்ளிக்கிழமை நிபுணர் குழு வருகிறது. சவ்வு நிற்காவிட்டால் ஆராய்ச்சிக்கு மூடுவிழாதான்.

"சனியன், இதுவும் போச்சா!" என்று நான்தான் கத்துவேன்.

"விடுங்க, அடுத்தது நிக்கும், இன்ஷா அல்லா" என்பாள் அவள்.

புதன்கிழமை அவள் கிண்ணம் கழுவும்போது பார்த்தேன். நல்ல நுரை.

"சோப்பே ஆகாதுன்னு சொன்னீங்களே?"

"சோப்பு இல்லீங்க, பூந்திக்கொட்டை. எங்க வீட்ல பட்டுச்சேலைய இதுலதான் அலசுவோம். பட்டுக்கே ஒண்ணும் ஆகாது, இதுக்கு என்ன..."

பாதியில் நின்றாள். அந்த நுரைதான் செல்லின் தோலைத் துளைக்கும் சரக்கு. "அட அல்லாவே! நானே விஷம் வச்சிருக்கேன்!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கென்றால் அழுகைதான் வந்திருக்கும்.

புதுக் கிண்ணத்தில் சவ்வு நின்றது. வெள்ளிக்கிழமை குழுவின் முன்னாலும் அசையாமல் நின்றது.

"நிக்குது, சரி. ஏதாவது பட்டா இதுக்குத் தெரியுமா?" என்று கேட்டார் குழுவின் பெரியவர்.

அவள் பையிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்தாள். "இது பூந்திக்கொட்டைத் தண்ணி சார். இத்தனை மாசமா கிண்ணத்தை இதுலதான் கழுவிட்டிருந்தேன். என் தப்புதான்."

அடிப்பாவி, அதைப் போய் இவர்களிடம் சொல்கிறாளே!

ஒரு சொட்டு விட்டாள். கோடு திரையின் உச்சிக்கு எகிறியது.

பெரியவர் பேனாவை மூடினார்.

"கழுவின மிச்சமே உங்க சவ்வுக்குத் தெரிஞ்சிருக்கு. உங்களுக்குத்தான் தெரியலை" என்றார் சிரித்துக்கொண்டே. "பூசும்மா. இன்னும் ரெண்டு வருஷம் பூசு."

நான் ஓவென்று அழுதுவிட்டேன். அவள் அடுத்த சவ்வுக்குத் தூரிகையை எடுத்தாள்.